இசைத்தட்டுக்கும் பாடபேதம் உண்டு

பழைய ஏட்டைப் பதிப்பிப்போர்க்கு ஓர் ஒழுக்கம் உண்டு. ஏடு சிதைந்து சொல் விடுபட்ட இடங்களில் உ. வே. சாமிநாதையர் தாமாக ஒரு சொல்லைப் பெய்து நிரப்பினாரல்லர். 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பில் அவ்விடங்களைப் புள்ளியிட்டு விட்டார். பாடபேதங்களை அடியிலே குறித்தார். இன்று எஸ். ஜி. கிட்டப்பா, தியாகராஜ பாகவதர் போன்றோரின் இசைத்தட்டுகளைக் கணினியிலேற்றி 'மெருகூட்டி' வெளியிடுவோரிடம் அவ்வொழுக்கம் காணப்படுகின்றதா? பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரைச்சல் நீக்கத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டில் முள் உராயும் ஓசை பெரிதும் உயர்ந்த அதிர்வெண்களிலே கேட்பது. ஆடாசிட்டி முதலிய மென்பொருள்களில் மேலொலியைக் குறைத்தால் அது அடங்கும், மெய்தான். ஆனால் மெய்யெழுத்துகளின் கூர்மையும் அங்கேதான் வாழ்கிறது. சகரம் மழுங்கும், வல்லொற்று வலியிழக்கும். பாட்டு கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் அகவையில் மறைந்தார். அவர் சொல்லை எப்படி உச்சரித்தார் என்பதற்குத் தட்டைவிடச் சிறந்த சான்று ஏது? சுழற்சி வேகமும் அத்தகையதே. நூற்றுக்கு ஆறு பங்கு மிகுந்தால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். உச்ச சுருதிக்குப் பேர்போன பாடகரிடம் இப்பிழை நேர்ந்தால் அவர் ஆற்றலையே தவறாக அளப்போம்.

இதனினும் கொடியது போலி ஸ்டீரியோ. தமிழ்த் திரையில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதற்படமாகச் சொல்லப்படுவது 1978இல் வந்த 'பிரியா'. அதற்கு முந்திய ஒற்றைத்தடப் பாட்டில் வலமேது, இடமேது? கீழொலியை ஒருபுறமும் மேலொலியை மறுபுறமும் ஒதுக்கி, ஒன்றைச் சற்றே தாமதித்து விடும் தந்திரம் புதியதன்று. அமெரிக்காவின் கேப்பிடல் நிறுவனம் 1961இலேயே அதற்கு 'டியோபோனிக்' என்று பெயரிட்டு விற்றது. அத்தகைய பாட்டைத் தோட்டப் பள்ளியில் ஒற்றை ஒலிபெருக்கியில் வைத்துப் பாருங்கள். இருபுறமும் கூடுங்கால் ஒன்றையொன்று விழுங்கி, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

கருவி வேண்டா என்பதன்று வாதம். அதே கருவி நேரிய பணியும் செய்யும். அத்தட்டுகளிற் பெரும்பான்மையானவற்றில் பாட்டு பக்கவாட்டு அசைவாகவே வெட்டப்பட்டிருக்கிறது. ஆதலின் ஸ்டீரியோ முள்ளால் எடுத்த இருபுற ஒலியையும் சமமாகக் கூட்டினால், மேல்கீழ் அசைவால் எழும் இரைச்சல் தானே கழிந்துபோகும், பாட்டு நிற்கும். இங்கே கூட்டியதுமில்லை, புனைந்ததுமில்லை. 1964இன் 'கர்ணன்' 2012இல் ஒலியும் ஒளியும் புதுக்கப்பெற்றுத் திரையேறியபோது இளையோரும் திரண்டனர். கேட்போர் வசதியும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் எந்த வேகத்தில் சுழற்றினோம், எந்த ஒலியை எவ்வளவு குறைத்தோம் என்று உறையிலே இரண்டு வரி எழுதி, திருத்தாத பிரதியையும் உடன் வைப்பதில் வெளியீட்டாளர்க்கு என்ன நட்டம்?