இயேசு எந்த வண்டியை ஓட்டுவார்?

2002-இல் அமெரிக்கச் சுவிசேஷ சபையார் சிலர் இக்கேள்வியையே தலைப்பாக்கி ஓர் இயக்கம் நடத்தினர். எண்ணெயை விழுங்கும் பெருவண்டிகளை வாங்குவோரின் மனச்சான்றைத் தட்டிய நல்ல கேள்விதான். ஆயினும் பாதி வழியில் நின்றதென்றே கருதுகிறோம். அதே ஆண்டு வெளிவந்த கீத் பிராட்ஷரின் 'ஹை அண்ட் மைட்டி' நூல் மறுபாதியைக் காட்டுகிறது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம், உழவரும் தொழிலாளரும் ஓட்டும் சிறு லாரிகளுக்கு எரிபொருள் சிக்கனத்தில் தளர்வுக்கு இடம் தந்தது. உற்பத்தியாளரோ குடும்ப வண்டிகளையும் 'லாரி' என்று சொல்லி அவ்வாசலிலேயே நுழைத்தனர். ஹம்மர் எச்-2 வண்டி மிகுந்த எடையினாலேயே அவ்விதிக்கு முற்றும் தப்பியது! மோதினால் பெரும்பாலும் மாள்பவர் சிறு காரில் வந்தவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில், ஓரிருவர் மட்டுமே செல்லும் கார்களின் பெருக்கத்தைச் சுட்டியபோது, பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தேவை என்பதையும் எடுத்துரைத்தார். அது ஆள்வோர் செவிக்குரியது.