மூசையும் சிலம்பும்

ஆர்தர் மில்லர் இயற்றிய ‘தி குரூசிபில்’ என்னும் நான்கு அங்க நாடகம் 1953 சனவரி 22-இல் நியூயார்க்கில் முதன்முதல் அரங்கேறியது. அப்பெயர் பொன்னுருக்கும் மூசையைக் குறிப்பது; ஆதலின் அதனை ஈண்டு ‘மூசை’ என்றே வழங்குவோம். 1692-இல் அமெரிக்க மாசசூசெட்சுப் பகுதியிலுள்ள சேலத்தில், சூனியம் செய்தனர் என்னும் குற்றச்சாட்டின்மேல் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்கிற்கு விடையிறுக்க மறுத்த கைல்ஸ் கோரி என்னும் முதியவர் உடல்மேல் கல்லேற்றிக் கொல்லப்பட்டார். இவ்வரலாறே நாடகத்தின் கரு.

அமெரிக்காவில் 1950-களில் நிகழ்ந்த பொதுவுடைமையர் வேட்டையின் உருவகமே இந்நாடகம் என்று கூறி அமைவது திறனாய்வாளர் பலரின் வழக்கம். மில்லரும் 1956-இல் விசாரணைக்குழுவின்முன் பிறர் பெயரைக் கூற மறுத்தார். 1957-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பெற்று, 1958-இல் மேல்முறையீட்டில் விடுபட்டார். ஆகவே அக்கூற்றுத் தவறன்று. ஆயினும் நிறைவுடையதும் அன்று. கண்ணாற் காணவொண்ணாக் குற்றத்தை ஒரு மன்றம் எதனைக் கொண்டு மெய்ப்பிக்கும் என்பதே இந்நாடகத்தின் அடிப்படை வினா என்பது நம் துணிபு. இதனைத் தெளிதற்குச் சிலப்பதிகாரம் நமக்குத் துணைசெய்யும்.

கொலைக்களக் காதையில் காவலர் கோவலனைக் கண்டு ஐயுறுகின்றனர். அவன் தோற்றம் கள்வன் தோற்றமாக அவர்க்குப் படவில்லை. பொற்கொல்லனோ நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர் துணைக்கொள்ளும் எட்டினையும் அடுக்குகின்றான். இவ்வாதத்தின் நுட்பம் கருதத்தக்கது. கள்வன் மந்திரம் வல்லவன் ஆயின், அவன் நல்லவனாகத் தோன்றுவதும் அம்மந்திரத்தின் பயனே ஆகும். குற்றமின்மையின் அடையாளமே குற்றத்தின் அடையாளமாக மாறிவிடுகின்றது.

மூன்றாம் அங்கத்தில் துணை ஆளுநர் டான்போர்த் கூறும் வாதமும் இத்தகையதே. சூனியம் இயல்பாகவே மறைந்து நிகழ்வது. அதனை அறிவார் செய்தவளும் அதனால் துன்புற்றவருமே. செய்தவள் தன்மேற் குற்றஞ்சொல்லாள். ஆதலின் துன்புற்றோம் என்பாரையே நம்புதல் வேண்டும் என்கின்றான் அவன். பொற்கொல்லன் சூழ்ச்சியால் கூறியதை டான்போர்த் நேர்மையாகவே நம்புகின்றான். நீதிபதியைக் கொடியவனாக மட்டும் காட்டாது, தன் முறையில் பிழையாத அறிவுடையவனாகக் காட்டியமை மில்லரின் சிறப்பு.

இரு நூலிலும் மனைவியர் மன்றேறுகின்றனர். கோவலனைப் போலவே ஜான் பிராக்டரும் மனைவியை விட்டுப் பிறள்பாற் சென்று மீண்டவன். கண்ணகி உண்மை கூறி வெல்கின்றாள். பொய்யே உரைத்தறியாத எலிசபெத்தோ, கணவன் மானத்தைக் காக்கும் பொருட்டு ஒருமுறை பொய்யுரைக்கின்றாள். அப்பொய்யே அவனை வீழ்த்துகின்றது. இவ்வேறுபாடு இரு பெண்டிரின் பண்பால் விளைந்ததன்று. கண்ணகி கையில் சிலம்பு இருந்தது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் கூற, அரசியின் சிலம்பின் பரல் முத்து எனப் பாண்டியன் கூறினான். உடைத்த அளவில் உண்மை வெளிப்பட்டது. சேலத்து மன்றத்திலோ உடைத்துக் காட்ட ஒரு பொருளும் இல்லை. பொருட்சான்று இல்லாத இடத்தில் எஞ்சுவது ஒப்புதல் ஒன்றே. ஒப்புக்கொண்டவர் உயிர் பிழைத்தனர், மறுத்தவர் தூக்கேறினர்.

இவ்விடத்துச் சென்னைக்கு மேற்கேயுள்ள பூவிருந்தவல்லி நம் நினைவிற்கு வருதல் இயல்பு. இராசீவ் காந்தி கொலைவழக்கை மூடிய மன்றில் விசாரித்த தனி நீதிமன்றம், 1998 சனவரி 28-இல் குற்றஞ்சாட்டப்பெற்ற 26 பேர்க்கும் தூக்குத்தண்டனை விதித்தது அங்கேதான். 1991-இல் நிகழ்ந்த அக்கொலை உலகறிந்த கொடுமை. அது சூனியம் போன்ற கற்பிதக் குற்றம் அன்று. ஆதலின் இரண்டனையும் நிகராக்குதல் பொருந்தாது. நாம் நோக்குவது ஒப்புதலுக்குச் சட்டம் தந்த இடத்தையே. காவலரிடம் தந்த ஒப்புதல் சான்றாகாது என்பது இந்நாட்டின் பொதுவிதி. தடாச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அவ்விதியை நீக்கி, கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலத்தைச் சான்றாக்கிற்று. அச்சட்டம் 1995-இல் காலாவதியாயிற்று. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம், தடாக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கண்டது. 19 பேர் விடுதலையாயினர். ஆயினும் அச்சட்டவழி பெற்ற வாக்குமூலங்கள் எஞ்சிய எழுவர்க்கு எதிராகச் செல்லும் என்றே அது கொண்டது. அவருள் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே, அதில் அவர்க்குச் சார்பான பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக 2013-இல் வெளிப்படக் கூறினார். 2022-இல் அவர் விடுதலை பெற்றமை குற்றமின்மைத் தீர்ப்பன்று. எனினும், சொல்லிய சொல்லுக்கும் எழுதிய சொல்லுக்கும் இடையே எத்துணைப் பெரிய வெளி இருத்தல் கூடும் என்பதை அவ்வதிகாரியின் கூற்று உணர்த்தும்.

நாடகத்தின் இறுதி அங்கமும் அவ்வெளியிலேயே நிகழ்கின்றது. பிராக்டர் வாயால் ஒப்புகின்றான், பிறர் பெயரைக் கூற மறுக்கின்றான், கையொப்பமும் இடுகின்றான். ஆனால் அவ்வேட்டை ஊரறியத் தேவாலயக் கதவில் ஒட்டுவர் என்றறிந்ததும் அதனைத் தர மனமின்றிக் கிழித்தெறிகின்றான். உடைக்கச் சிலம்பு இல்லாதவன் தன் ஒப்புதலையே உடைத்தான் எனலாம்.

நாடகத்தில் குறையும் உண்டு. அபிகெயில் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி என்பது வரலாறு. மில்லர் அவளைப் பதினேழு வயதினளாக்கி, பிராக்டர்பால் காமமுற்றவளாகவும் படைத்தார். இதனால் ஊர் முழுதும் பங்குகொண்ட பழி ஒருத்தியின் பொறாமையிற் பிறந்தது போலத் தோன்றுகின்றது. இளங்கோவடிகளும் பொற்கொல்லன் களவிலிருந்தே தொடங்கினார். ஆயினும் பழியை ஆராயாது தீர்த்த அரசன்மேலேயே நிறுத்தினார். பாண்டியன் தன் பிழை உணர்ந்த கணமே உயிர் துறந்தான். தூக்கேறியவர்பின் எஞ்சியவரை மன்னித்தால் முன்னைத் தீர்ப்புகள் ஐயத்திற்கு இடமாகும் என்று அஞ்சும் டான்போர்த்துக்கோ அத்தகைய வீழ்ச்சி இல்லை.

ஆகவே இந்நாடகத்தைப் பயிலும் மாணாக்கர் சேலத்தில் சூனியம் இருந்ததா என்று வினவுதலினும், அம்மன்றில் எச்சான்று பொய்யைப் பொய்யென்று காட்டியிருத்தல் கூடும் என்று வினவுதல் நன்று. அவ்வினாவிற்கு விடையில்லாத மன்றம் எந்நாட்டினதாயினும், அங்குக் கண்ணகியே வந்து நின்றாலும் வழக்கு வெல்லாது.