மௌத்தை விழுங்கிய தாய்: ‘டியூஸ்டே’ திரைப்படம்

குரோஷியாவைச் சேர்ந்த டைனா ஓ. பூசிச் இயக்கிய முதல் முழுநீளப் படம் ‘டியூஸ்டே’. 2023இல் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2024இல் திரையரங்குகளுக்கு வந்தது. கதை நடப்பது லண்டனில். சுகமாகாத நோயோடு கிடக்கும் பதினைந்து வயது மகள் டியூஸ்டே (லோலா பெட்டிக்ரூ), அவளுடைய தாய் ஸோரா (ஜூலியா லூயி-ட்ரைஃபஸ்). மூன்றாவது பாத்திரம் மரணம். அது பேசும் மக்கோ கிளியாக வருகிறது. சின்னஞ்சிறிதாகச் சுருங்கவும் அறையை நிறைக்கப் பெருக்கவும் அதனால் முடியும்.

மகள் பயந்து அலறவில்லை. கிளிக்கு ஒரு பகிடி சொல்கிறாள். அழுக்கேறிய அதைக் குளிப்பாட்டி விடுகிறாள். தாய் வீடு வரும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாள். தாயோ வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டு வெளியில் பொழுதைப் போக்குகிறாள். மகள் கோல் எடுத்தாலும் பதில் இல்லை. புள்ளயில் பாசம் இல்லாமலா? இல்லை, அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான்.

பிறகு ஸோரா கிளியை அடித்து, எரித்து, விழுங்கியே விடுகிறாள். படத்தின் மையக் குறியீடு இதுதான். மரணம் நின்றதும் உலகம் சுவர்க்கமாகவில்லை. சாக வேண்டியவர்கள் சாக முடியாமல் வேதனையில் துடிக்கிறார்கள். கடைசியில், மகளைச் சுமந்துகொண்டு மரணத்தின் வேலையைத் தாயே செய்ய வேண்டி வருகிறது. மௌத்திலும் ஒரு ரஹ்மத் இருக்கிறது என்பதைப் பிரசங்கம் இல்லாமல் காட்டும் இடம் இது.

குறைகளும் உண்டு. வெளியுலகின் அவலம் அவசர அவசரமாகக் கடந்துபோகிறது. வீட்டுக்குள் கிடைத்த நெருக்கம் அங்கே இல்லை.

நமக்குப் பெரிய முரண்பாடு முடிவில் வருகிறது. மகள் போன பிறகு திரும்பி வரும் கிளி, மனிதர் நினைப்பதுபோன்ற கடவுள் இல்லை என்கிறது. இறந்தவரின் எதிரொலியும் நினைவுமே மறுவாழ்வு என்கிறது. பர்ஸக்கையும் ஆகிறத்தையும் நம்புகிறவருக்கு இது போதாது. ஆனாலும் இதற்காகவே படத்தை ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. இருப்பவரின் செயலுக்கும் போனவருக்கும் உறவு உண்டு எண்டு நாமும்தான் நம்புகிறோம். துஆவும் ஸதகாவும் அந்த நம்பிக்கையில் நிற்பவை. வித்தியாசம் எங்கே? படத்துக்கு அந்த எதிரொலிதான் எஞ்சுவதெல்லாம். நமக்கோ, எங்கேயோ இருக்கிற ஒருவருக்கு நாம் அனுப்புகிற பொருள் அது.

“நோயாளிக்குத் தெரியக்கூடாது” என்று பொய்ச் சிரிப்போடு கட்டிலைச் சுற்றி நிற்கிற குடும்பங்கள் நம் மத்தியிலும் உண்டு. அநேகமாக நோயாளிக்கு எல்லாம் தெரியும். மன்னிப்புக் கேட்கவும், வஸிய்யத்துச் சொல்லவும், விடைபெறவும் அவருக்கு இருந்த நேரம் அந்த மௌனத்தில் போய்விடுகிறது. டியூஸ்டே தன் தாயிடம் கேட்டதும் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். நம்பிக்கையில் நாம் ஸோராவை விட வசதியானவர்கள். நடத்தையில் அப்படியா என்பதுதான் இந்தப் படம் நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி.