சமநிலையும் சமத்துவமும்

பௌதிகவியல் பொருளியலுக்குக் கடன் கொடுத்த சொற்களுள் 'சமநிலை' ஒன்று. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சொல்லோடுதான் தகராறு.

மேகநாத் சாகாவும் ஸ்ரீவத்ஸவாவும் 1931இல் எழுதிய வெப்பவியல் பாடநூலிலேயே, வாயு மூலக்கூறுகளின் வேகப் பரம்பலை மக்களின் வருமானப் பரம்பலோடு ஒப்பிட்டார்கள். 2000இல் திரகுலெஸ்குவும் யாகொவென்கோவும் ஒரு மாதிரி தந்தார்கள். மூலக்கூறுகள் மோதிச் சக்தியைப் பரிமாறுவதுபோல் மனிதர் பணத்தைப் பரிமாறுகிறார்கள். மொத்தப் பணம் மாறாது. இறுதியில் வரும் சமநிலையில் நூற்றுக்கு 63 பேர் சராசரிக்குக் கீழே!

தொண்டைமானாற்றில் என் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கும் ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தேன். சோடி மாற்றி மாற்றி நாணயம் சுண்ட வேண்டும்; தோற்றவர் ஒன்று கொடுக்க வேண்டும்; கையில் இல்லாதவர் கொடுக்கத் தேவையில்லை. பாடவேளை முடிய நாலு பேர் வெறுங்கை, ஒருத்தியிடம் பதினேழு. ஒருவரும் களவு செய்யவில்லை.

"சேர், சமநிலை எண்டா எல்லாருக்கும் சமம் எண்டுதானே?" என்று கேட்டான் ஒருவன்.

இல்லை. பங்கீட்டின் வடிவம் இனி மாறாது என்பதே அதன் பொருள். ஆனால் தமிழில் 'சமன்' என்றதும் தராசும் நீதியும் மனதில் வரும். அந்த மயக்கத்தில் வறுமையையும் இயற்கையின் நியாயம் என்று சொல்லிவிடலாம். 'நிலைத்த பரம்பல்' என்று எழுதினால் இந்த வில்லங்கம் இல்லை.

மாதிரியிலும் குறையுண்டு. பரிமாற்றம் மட்டும் இருக்கிறது, உற்பத்தி இல்லை என்று கல்லகாட்டி, கீன், லக்ஸ், ஓமெரோட் ஆகிய பொருளியலாளர் 2006இல் கண்டித்தனர். வடமராட்சியில் வெங்காயம் நடுகிறவரும் வலை இழுக்கிறவரும் இருக்கும் பணத்தைக் கைமாற்றுவதோடு நிற்பதில்லை; புதிதாக ஒன்றை உண்டாக்குகிறார்கள்.

ஆனாலும் நான் இதைத் தள்ளிவிடமாட்டேன். கொல்கத்தா சாகா நிறுவனத்தின் சக்கரபர்த்தியும் சக்ரபொர்த்தியும் 2000இல் ஒரே ஒரு விதியைச் சேர்த்தார்கள்: ஒவ்வொருவரும் ஒரு பங்கைச் சேமித்துவிட்டு மீதியையே பரிமாற வேண்டும். உடனே வெறுங்கையர் கூட்டம் மெலிந்தது. விதி மாறினால் முடிவும் மாறும். நிஸாபை எட்டிய சேமிப்பில் ஆண்டுக்கு 2.5 வீதம் ஸகாத் என்பதும் ஒரு விதிதான். இல்லாதவரை மறுபடி ஆட்டத்துக்குள் கொண்டுவரும் விதி.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகளைத் திறந்தே விட்டால் கடலும் நீரேரியும் தாமாகவே ஒரு மட்டத்துக்கு வரும். அதுவும் சமநிலைதான். ஆனால் நீர் உவராகிவிடும். அதைத் தடுக்க அங்கே கதவு போட்டவன் மனிதன்.