பூஜ்யத்திலிருந்து நாற்பது வரை

காசியோ எஃப்எக்ஸ்-991 இஎஸ் பிளஸ் கால்குலேட்டரோடு வரும் கையேட்டில், எந்த மாணவரும் படிக்காத ஒரு வரி இருக்கிறது. இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அதை எழுதியவர் கேரளத்தின் தமிழ் எல்லையை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அளவெடுத்துத் தைத்தாற்போல அந்த எல்லைக்குப் பொருந்துகிறது. பாலக்காட்டில் 2016 ஏப்ரலில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. 2019 ஜனவரியில் மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. வீச்சின் மேல்முனை பாலக்காடு மாவட்டத்தில், கீழ்முனை இடுக்கியில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஒரு பக்கம். தேவிகுளம், மறையூர், வண்டிப்பெரியாறு மறுபக்கம். இரு பக்கமும் தமிழ் பேசும் பிள்ளைகள் பையில் கிடப்பது ஏறக்குறைய ஒரே கருவி.

கடையில் வாங்கும்போது அதில் ரசிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. கறுப்போ சாம்பலோ நிறம், நழுவிச் செருகும் ஒரு மூடி, வரிசை வரிசையாக விசைகள். அதன் நயம் தெரிய வேண்டுமென்றால் அது பழுதாக வேண்டும். எந்தக் கோளாறு வந்தாலும் தனக்கு என்ன என்பதைத் தானே வெளியில் சொல்லிவிடுகிற பொருள் அது. கேட்கத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் போதும்.

கோடு வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் நம் பக்கம் வந்ததே இல்லை எனலாம். காசியோவே 1985இல் எஃப்எக்ஸ்-7000ஜி என்று முதல் கிராஃபிங் கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அமெரிக்க வகுப்பறைகளைப் பிடித்துக்கொண்டது. நம் தேர்வுக்கூடங்களில் அதற்கு இடமில்லை. கேரள மேல்நிலைத் தேர்வின் வினாத்தாள் முகப்பிலேயே விதி அச்சாகியிருக்கும்: புரோகிராம் செய்ய முடியாத கால்குலேட்டரைத் தவிர வேறு எந்த மின்னணுக் கருவிக்கும் அனுமதியில்லை. வரைபடம் பார்க்க வேண்டுமானால் பள்ளிக் கணினி அறையில் ஜியோஜீப்ரா மென்பொருள் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ மாணவர் இயற்பியல் தேர்வில் மடக்கை அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருப்பார். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அதே கணக்கு பொத்தானில் முடிந்துவிடும்.

அந்தத் தேர்வு விதி ஒரு நன்மையும் செய்திருக்கிறது. புரோகிராம் கூடாது என்பதால் கருவிக்குள் காப்பாற்ற வேண்டிய பெரிய நினைவகம் இல்லை. டிஐ-84 பிளஸ் போன்ற கருவியில் நான்கு பேட்டரி போதாதென்று, அவற்றை மாற்றும் நேரத்தில் உள்ளே சேமித்தவை அழியாமலிருக்கத் தனியாக ஒரு பட்டன் செல்லும் வேண்டும். நம் பிள்ளைகளின் கருவியில் அழிய என்ன இருக்கிறது? சேமித்து வைத்த ஓரிரு எண்கள்தான். இழக்க ஒன்றுமில்லாததால் தைரியமாகக் கழற்றலாம். பழுது பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

முதலில் திரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மார்ச் மாதக் காற்றில் ஒரு மதியம் கருவியை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். எண்களுக்குப் பின்னால் சாம்பல் நிழல் படிந்திருக்கும். சூடு இன்னும் ஏறினால் திரை முழுக்கவே கறுத்துவிடும். பதறத் தேவையில்லை. திரவப் படிகம் சூடாகும்போது அதைத் திருப்பத் தேவையான மின்னழுத்தம் குறைகிறது. அதனால் எழுதாத இடமும் கொஞ்சம் கறுக்கிறது. நிழலில் வைத்து ஆறினால் பழையபடி வந்துவிடும். மூணாறின் மார்கழிக் காலையில் இதற்கு நேர் எதிர். எண்கள் வெளிறித் தெரியும்; ஒரு எண்ணை அழித்து அடுத்ததைத் தட்டினால் பழையது போக மனசில்லாமல் கொஞ்ச நேரம் நின்று கரையும். இரண்டுக்கும் மருந்து உள்ளேயே இருக்கிறது, கான்ட்ராஸ்ட் மாற்றும் வசதி. அதை ஏற்றியும் திரை மங்கலாகவே இருந்தால் மட்டும் செல்லைச் சந்தேகப்பட வேண்டும். கையேடும் இதே வரிசையில்தான் சொல்கிறது.

அந்தச் செல்லின் கதை இன்னும் சுவையானது. இது இரட்டை மின்சாரக் கருவி. மேலே சூரியத் தகடு, உள்ளே எல்ஆர்44 என்ற பட்டன் செல். 11.6 மில்லிமீட்டர் விட்டம், 5.4 மில்லிமீட்டர் உயரம், 1.5 வோல்ட், கடிகாரக் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். வெளிச்சம் இருக்கும்வரை தகடு சுமையைத் தாங்கிக்கொள்வதால், செல் செத்துப் பல மாதம் ஆனாலும் பாலக்காட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. ஜன்னலோர பெஞ்சில் கருவி ஜோராக ஓடும். அதே கருவி இடுக்கிக்குப் போனால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆடி மழையில் இருண்ட வகுப்பு, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, கரண்ட்டும் இல்லை. திரை மெல்ல மங்கி அணையும். கருவி கெட்டுவிட்டது என்று அங்கே அழுகிற பிள்ளைக்கும், நன்றாக இருக்கிறது என்று இங்கே நம்புகிற பிள்ளைக்கும் நோய் ஒன்றுதான். கண்டுபிடிக்கும் வழியும் எளிது. பெருவிரலால் சூரியத் தகட்டை மூடுங்கள். எண்கள் மங்கினால் செல் போய்விட்டது. சந்தையில் திரியும் போலிகளில் சிலவற்றுக்குத் தகடு வெறும் அலங்காரம். செல்லைக் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் காட்டினால் அந்தச் சாயமும் வெளுத்துவிடும்.

மலிவு விலைத் தம்பியான எஃப்எக்ஸ்-82 எம்எஸ்ஸுக்குத் தகடு கிடையாது. ஒரே ஒரு பென்சில் பேட்டரி. அதன் கையேட்டில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கும். கர்சர் மின்னிக்கொண்டே இருந்தால் பேட்டரி ஏறத்தாழ 17,000 மணி நேரம் வரும். அணைத்தே வைத்திருந்தால் ஏறத்தாழ 2 ஆண்டுகள் வரும். பெருக்கிப் பாருங்கள். 2 ஆண்டுகள் என்பது 17,520 மணி நேரம். விழித்திருந்தாலும் உறங்கினாலும் பேட்டரிக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றே! கருவி குடிப்பது அத்தனை சொற்பம். பேட்டரி தன் முதுமையால்தான் சாகிறது. ஆறு நிமிடம் தொடாவிட்டால் தானே அணைந்துகொள்ளும் வசதியையும் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே சிக்கனமாக இருப்பவர் காட்டும் கூடுதல் சிக்கனம் அது.

ஆனால் இந்தப் பேட்டரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மலிவான துத்தநாகப் பேட்டரியில் வெளிக்கூடாக நாம் பார்க்கும் டப்பாவே எதிர்முனையும் ஆகும். மின்சாரம் தரத்தர அந்தச் சுவர் கரைந்துகொண்டே போகிறது. மார்ச்சில் தேர்வு முடிந்து மூலையில் எறிந்த பையை ஜூனில் பள்ளி திறக்கும்போது எடுத்தால், கோடைச் சூட்டில் சுவர் ஓட்டையாகி, பேட்டரி அறையில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும். ஸ்பிரிங் பச்சை பிடித்திருக்கும். நல்ல பழுது பார்ப்பவர் இங்கே ஒரு நொடி நின்று, பேட்டரியின் மேலுறையைப் படித்துப் பார்ப்பார். அல்கலைன் என்றால் கசிந்தது காரம். பஞ்சில் தொட்ட எலுமிச்சைச் சாறு போதும். துத்தநாகப் பேட்டரி என்றால் கசிவு அமிலத் தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல். பிறகு ஐபிஏ எனப்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுவார். அவசரக்காரர் தின்னரைத் தொட்டு வைப்பார். பிளாஸ்டிக் உருகிப் போகும்.

அடுத்தது விசைகள். பின்பக்கத் திருகுகளை எடுத்து, ஓரக் கொக்கிகளை நகத்தால் நெம்பித் திறந்தால், விசைகளுக்கு அடியில் ஒரே துண்டாக ஒரு சிலிக்கான் ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு விசைக்கும் ஒரு சின்னக் குமிழ், குமிழின் அடியில் ஒரு கரிப்பொட்டு. அழுத்தினால் குமிழ் குழிந்து, கரிப்பொட்டு பலகையில் உள்ள இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கும். விரலை எடுத்தால் ரப்பரே எழும்பிக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லை, உரசித் தேயும் உலோகம் இல்லை. வருகிற கோளாறு பெரும்பாலும் தூசும் ஈரமும்தான். பலகைத் தடத்தை மெல்ல ரப்பர் வைத்துத் துடைத்து, கரிப்பொட்டைச் சுத்தம் செய்தால் விசை பேசத் தொடங்கும். பொட்டு தேய்ந்தே போயிருந்தால், மென்மையான பென்சிலால் அதன்மேல் தீட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. கிராஃபைட்டும் கரிதானே! மாணவரின் பையிலேயே மருந்துச் சாமான்கள் இருக்கின்றன.

எந்த விசை கெட்டது என்று தேடவும் உள்ளேயே வழி வைத்திருக்கிறார்கள். இஎஸ் வகைக் கருவியில் ஷிஃப்ட்டையும் 7ஐயும் அழுத்திப் பிடித்தபடி ஆன் விசையைத் தொட்டால், கையேட்டில் இல்லாத ஒரு சோதனைத் திரை வரும். 9, பிறகு ஷிஃப்ட் என்று தொடர்ந்தால் திரை முழுக்கக் கறுக்கும், கட்டம் கட்டமாக மாறும். உயிரில்லாத புள்ளி எங்கே என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதன்பின் விசைகளை மேலிருந்து கீழே வரிசையாக அழுத்திக்கொண்டு போனால் திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறும். எங்கே ஏறாமல் நிற்கிறதோ அந்த விசைதான் நோயாளி. தொழிற்சாலையில் பரிசோதிக்க வைத்த கதவு இது. பூட்டாமல் விட்டதால் கடைவீதிக்கும் திறந்திருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, கடைக்கு வருவனவற்றில் மிக நயமான பழுதைச் சொல்ல வேண்டும். அது பழுதே இல்லாத பழுது. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் கடிகாரம் பார்க்கும் ஒருவரிடம் பிளஸ் டூ மாணவி ஒருத்தி கருவியை நீட்டினாள்.

"ஏனுங்கண்ணா, இது கெட்டுப்போச்சுங்களா? சைன் 30 போட்டா மைனஸ்ல வருதுங்க."

திரையில் மைனஸ் 0.988031624. அவர் திருப்புளியைத் தொடவே இல்லை.

"கெடலை அம்மணி. ரேடியன்ல நிக்குது. இந்த நம்பரை எத்தனை பேரு கொண்டாந்துட்டாங்க!"

விசைகளை நாலு தட்டு தட்டினார், அரை வந்தது. காசு வாங்கவில்லை. முக்கோணவியல் எவ்வளவு தெரியுமோ, அந்த ஒற்றை எண் அவருக்குப் பழகிய முகம். 0.4539904997 என்று வந்தால் அது கிரேடியன், அதையும் கண்டுபிடித்துவிடுவார். திரையின் மேல் ஓரத்தில் எறும்பளவு எழுத்தாக டி, ஆர், ஜி என்று கருவி எப்போதும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. பதற்றத்தில் இருக்கிற கண் அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை. தப்பான விடையாக இருந்தாலும், எந்த அளவில் கேட்டதால் அந்த விடை என்று தசமம் பிசகாமல் அடையாளம் காட்டுகிறதே, நம்பகம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கோடு வரையும் கருவி இல்லாத குறையையும் இது தன் வழியில் ஈடுகட்டுகிறது. மோட் அழுத்தி 7ஐத் தட்டினால் டேபிள். சார்பை உள்ளே கொடுத்தால் தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றையும் கேட்கும். ஒன்றும் சொல்லாமல் சமக்குறியை அழுத்திக்கொண்டே போனால் 1 முதல் 5 வரை, ஒவ்வொன்றாக என்று தானே எடுத்துக்கொள்ளும். அதிகபட்சம் 30 வரிசை. அதை வைத்துப் பிள்ளை கிராஃப் தாளில் புள்ளி வைத்து வளைவை வரைகிறது. 2015இல் வந்த எஃப்எக்ஸ்-991 இஎக்ஸ், க்யூஆர் கோடு காட்டி ஃபோனில் வரைபடம் விரியச் செய்யும் அளவுக்குப் போய்விட்டது. ஆனால் தேர்வுக்கூடத்துக்குள் ஃபோன் போகாது. அங்கே முப்பது வரிசையும் பென்சிலும்தான் கிராஃபிங் கால்குலேட்டர். வளைவு எங்கே திரும்புகிறது என்பதைக் கையால் வரைந்தவர் மறப்பதும் இல்லை.

பள்ளியோடு இதன் வேலை முடிவதில்லை. பாலக்காட்டில் அகத்தேத்தறை என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி 1960இல் தொடங்கியது. இடுக்கியில் பைனாவு அரசுப் பொறியியல் கல்லூரி 2000இல். மேட்டிலும் சமவெளியிலும் பி.டெக். நான்கு ஆண்டுகள், அதற்கு முன் பிளஸ் டூ இரண்டு. தினம் ஒரு மணி நேரம் வைத்தால் செல்லின் ஆயுள் மூன்று ஆண்டுகள் என்கிறது கையேடு. ஆக, அண்ணன் பதினொன்றாம் வகுப்பில் வாங்கியதை ஒரே ஒரு செல் மாற்றிப் பட்டம்வரை ஓட்டிவிட்டு, இன்னொன்று போட்டுத் தங்கையிடம் கொடுத்துவிடலாம். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. செல்லுக்கு மூன்று ஆண்டு என்று எழுதியவர்கள் கருவிக்கு ஆயுள் இவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த அடக்கத்தையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.