அரசரின் பல்லும் பேராயரின் பதவியும்
வாக்தாங் கோர்கசாலி சரிதை குறித்து ஒரு திறனாய்வு

ஜார்ஜிய மொழியின் பழைய அரச வரலாறுகள் ‘கார்ட்லிஸ் த்ஸ்கோவ்ரெபா’, அதாவது ‘கார்ட்லி நாட்டின் வாழ்வு’, என்னும் பெருந்தொகுப்பாக நமக்குக் கிடைத்துள்ளன. அத்தொகுப்பில், ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வாக்தாங் கோர்கசாலி என்னும் அரசரின் சரிதையைப்போல் வாசகரை இழுத்துச் செல்லும் பகுதிகள் சிலவே. திருச்சபை வரலாறு பயில்வோர் இதனைப் பெரும்பாலும் ஒரேயொரு செய்திக்காகவே புரட்டுகின்றனர். கத்தோலிக்கோஸ் என்னும் தலைமைப் பதவி ஜார்ஜிய சபைக்கு இவ்வரசரின் காலத்திலேயே உண்டாயிற்று என்பதே அச்செய்தி. அதைக் குறித்துக்கொண்டு நூலை மூடிவிடுவது போதாது என்பது நம் கருத்து. அப்பதவி உண்டாவதற்குச் சற்று முன்னே அரசரின் பல் ஒன்று உடைகிறது. அதை உடைத்தவர் ஒரு பேராயர்.

சரிதையின் போக்கை முதலில் சுருக்கமாகக் காண்போம். வாக்தாங் ஏழு வயதில் தந்தையை இழந்து அரியணை ஏறுகிறார். தாய் சாக்துக்த் பாரசீகக் குலத்தினள். பதினாறாம் வயதில் அரசர் காக்கேசிய மலைகளைக் கடந்து, சிறுமியாய் இருந்தபோது கவர்ந்து செல்லப்பட்ட தம் சகோதரியை மீட்கிறார். தார்கான், பகாத்தார் என்னும் இரு இராட்சத வீரர்களை இரு படைகளும் பார்த்துநிற்கத் தனிப்போரில் வீழ்த்துகிறார். முன்புறம் ஓநாயும் பின்புறம் சிங்கமும் பொறித்த தலைக்கவசம் அணிந்திருந்ததால், ‘ஓநாய்த் தலையன்’ என்று பொருள்படும் பாரசீகச் சொல்லால் பகைவர் அவரை அழைத்தனராம். அதுவே கோர்கசாலி என்னும் பெயராக நிலைத்தது. பின்னர்ப் பாரசீக மன்னனோடு சேர்ந்து அவர் சிந்து நாடு வரையிலும், அபிசீனியா வரையிலும் படை நடத்தியதாக நூல் கூறுகிறது.

இவற்றில் எவ்வளவு வரலாறு என்று கேட்பின், மிகக் குறைவு என்றே விடை கூறவேண்டும். இந்நூல் ஜுவான்ஷேர் என்பவரின் பெயரால் வழங்குகிறது. இது எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பார் ஒரு சாரார்; பதினோராம் நூற்றாண்டினது என்பார் வேறு சிலர். எப்படியாயினும் அரசர் மறைந்து சில நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே இன்றைய வடிவம் உருவாயிற்று. வாக்தாங்கின் காலத்தில் பாரசீகத்தை நெடுங்காலம் ஆண்டவர் பேரோஸ் (459-484). சரிதையோ மன்னனைக் கோஸ்ரோ என்கிறது; அப்பெயர் கொண்ட முதல் மன்னர் அரியணை ஏறியது 531-இல். தார்கானைக் கசார் இனத்தவன் என்கிறது; கசார்கள் காக்கேசியத்தில் வலிமை பெற்றது ஐந்தாம் நூற்றாண்டிலன்று. ஆண்டுக் கணக்கில் நூலாசிரியருக்கு அக்கறை இல்லை. தாவீதின் கதையை அறிந்த வாசகர், ஓர் இளைஞன் இராட்சதனை வீழ்த்தும் இடத்தில் கோலியாத்தை நினைப்பர். எனினும் இவ்வரசர் மேய்ப்பன் மகனல்லர். இவர் பாரசீக வீரகாவியங்களின் வார்ப்பில் வடிக்கப்பட்டவர். கிறிஸ்தவ அரசர் ஒருவரைப் போற்ற முனைந்த நூலாசிரியர், அக்கினியை வழிபட்ட பேரரசின் கதைமரபிலிருந்தே அதற்கான அணிகளைக் கடன் வாங்கியிருக்கிறார். இதைக் குறையாக நாம் கூறவில்லை. வீரம் என்பது என்ன என்று அந்நாட்டவர் அறிந்திருந்தது அம்மொழியில்தான்.

குறை வேறிடத்தில் உள்ளது. அதைக் காண்பதற்கு ஏறத்தாழ அரசரின் காலத்திலேயே எழுந்த இரு சாட்சிகளைச் சரிதையின் அருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

ஒன்று, யாக்கோபு என்னும் குருவானவர் எழுதிய ஷுஷானிக்கின் இரத்தசாட்சி வரலாறு. ஜார்ஜிய மொழியில் நமக்குக் கிடைத்துள்ள இலக்கியங்களுள் மிகப் பழையது இதுவே. ஷுஷானிக் அர்மீனியப் பெருவீரர் வர்தான் மாமிகோனியனின் மகள். அவளுடைய கணவன் வார்ஸ்கென் எல்லைப்புறத்தை ஆண்ட சிற்றரசன்; பாரசீகரின் தயவை நாடிக் கிறிஸ்துவை மறுதலித்தவன். தானும் மறுதலிக்க மறுத்த மனைவியை அவன் அடித்துத் துன்புறுத்திக் காவலில் அடைத்தான். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சிறையிருந்து, 475-ஆம் ஆண்டளவில் அவள் மரித்தாள். அவளுடைய ஆன்ம குருவே கண்டதை எழுதிவைத்தார்.

மற்றது, லாசர் பார்ப்பெட்ஸி என்னும் அர்மீனிய வரலாற்றாசிரியரின் நூல். 482-இல் வார்ஸ்கெனைக் கொன்றவர் வாக்தாங் என்று அவர் கூறுகிறார். பாரசீகப் பேரரசுக்கு எதிராக அர்மீனியரும் ஜார்ஜியரும் எழுந்த கலகத்துக்கு அக்கொலையே தொடக்கமாயிற்று. ஆனால் லாசர் காட்டும் வாக்தாங் இராட்சதரை வீழ்த்தும் வீரர் அல்லர். ஹூணர் படை துணைக்கு வரும் என்று அர்மீனியருக்கு நம்பிக்கை ஊட்டி, அந்நம்பிக்கை பொய்த்தபோது அவர்களை இக்கட்டில் விட்டவர். பேரோஸ் 484-இல் ஹெப்தலியரோடு பொருது மாண்டதாலேயே கலகக்காரர் தப்பினர்.

இவற்றைப் படித்தபின் சரிதைக்குத் திரும்புவோர் வியப்படைவர். ஷுஷானிக்கும் வார்ஸ்கெனும் வாக்தாங்கின் வாழ்க்கையில் இடம்பெறவே இல்லை. ஜுவான்ஷேரின் பெயரால் வழங்கும் வரலாறு அச்செய்தியைப் பின்னாளில் ஆண்ட பகூர் என்னும் அரசனின் காலத்துக்குத் தள்ளி, வார்ஸ்கெனைக் கொன்ற பெருமையையும் அவனுக்கே அளித்துவிடுகிறது. சிந்து நாட்டுப் போர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் தந்த ஆசிரியர், தம் தலைவர் மெய்யாகவே துணிந்த செயலை அவருடைய கணக்கில் எழுதாமல் விட்டார். புனைவு மிகுந்ததனால் இந்நூல் வறியதாகவில்லை. மெய்யான துணிவு காணாமற்போன இடத்திலேயே வறியதாயிற்று.

ஆயினும் நூலின் உயிர்ப்பான இடங்களை மறைக்கலாகாது. அரசரை எவரேனும் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் ஆசிரியரின் எழுத்து விழித்துக்கொள்கிறது. சிந்து நாட்டு மன்னன் வாக்தாங்கிடம் ஒரு கதை சொல்கிறான். இறகிழந்து கிடந்த வல்லூறு ஒன்றைக் காகம் இரைகொடுத்து வளர்த்தது. இறகு முளைத்ததும் வல்லூறு காகத்தையே தின்றது. சிலுவையை வணங்கும் நீ, சிலுவையின் பகைவராகிய பாரசீகருக்காக ஏன் போரிடுகிறாய் என்பதே அதன் உட்பொருள். வாக்தாங் மறுமொழி கூறுகிறார். ஆனால் வாசகர் நெஞ்சில் தங்குவது காகம்தான். கிறிஸ்தவரல்லாத ஒருவர் வாயில் இவ்வளவு கூரிய கேள்வியை வைத்த ஆசிரியரைப் பாராட்டவேண்டும்.

அடுத்த இடம் பொந்து நாடு. பாரசீகரோடு சேர்ந்து கிரேக்கரின் நகரங்களைத் தாக்கிய அரசரிடம், பேதுரு என்னும் குரு வந்து, கிறிஸ்தவர்மேல் ஏன் போர் தொடுக்கிறீர் என்று கேட்கிறார். அன்றிரவு அரசர் சொப்பனத்தில் ஜார்ஜியருக்குச் சுவிசேஷம் அறிவித்த நீனோவையும், கான்ஸ்டன்டைன் பேரரசரையும் காண்கிறார். பின்பு சிறைப்பிடித்தோரை விடுவிக்கிறார். நாத்தான் தாவீதின்முன் நின்றதை நினைவூட்டும் காட்சி இது. கேட்டவரும் கேட்கப்பட்டவரும் இருவருமே உயர்ந்து நிற்கின்றனர்.

இனிப் பல்லுக்கு வருவோம். பேதுருவைக் கத்தோலிக்கோஸாகவும், அவரோடு ஆயர்களையும் அனுப்புமாறு வாக்தாங் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தூது விடுகிறார். இதை அறிந்த பேராயர் மிகாயேல் சினந்து, அரசர் கிறிஸ்துவைக் கைவிட்டு அக்கினியை நம்பினார் என்று குற்றஞ்சாட்டுகிறார். அரசர் நேரில் வந்து அவருடைய பாதத்தை முத்தமிடக் குனிகிறார். பேராயர் காலால் உதைக்கிறார், பல் உடைகிறது. அரசர் தம் கையை ஓங்கவில்லை. உடைந்த பல்லோடு பேராயரையே கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பிவைக்கிறார். அங்குள்ள பாத்திரியார்க், அரசருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் அப்போஸ்தலனின் போதனையை நினைவூட்டிக் கண்டித்து, மிகாயேலை ‘உறங்காதோர்’ என்று பெயர்பெற்ற மடத்துக்கு நாடுகடத்துகிறார். அதன்பின் பேதுருவும், அவரோடு பன்னிரு ஆயரும் அந்தியோகியாவில் அபிஷேகம் பெற்று வருகின்றனர் என்பது சரிதையின் கூற்று.

உதைத்தது தவறு என்பதில் குருமார் எவருக்கும் ஐயம் இராது. மிகாயா தீர்க்கதரிசியைச் சிதேக்கியா கன்னத்தில் அடித்தான். அங்கே அடிபட்டவனே உண்மையைப் பேசினான். இங்கு அடிபட்டவர் அரசர், அடித்தவர் ஆயர். ஆதலால் நம் அனுதாபம் தானாகவே அரசரிடம் செல்கிறது. ஆசிரியர் விரும்பியதும் அதுவே. ஆனால் மிகாயேலின் வழக்கு என்ன? இத்தனை காலம் அக்கினி வழிபாட்டினரோடு நின்று போர்புரிந்த அரசர், இப்போது சபையின் தலைமையையும் தாமே ஏற்பாடு செய்கிறாரே என்னும் அச்சம் அவருக்கு இருந்ததா? செனோன் பேரரசர் 482-இல் வெளியிட்ட ஹெனோத்திகோன் என்னும் ஒற்றுமை ஆணையால் கீழைச் சபைகளெங்கும் எழுந்த பூசல் இதில் கலந்திருந்ததா என்றும் அறிஞர் வினவியுள்ளனர். சரிதை பொறாமை, அகந்தை என்னும் சொற்களோடு நின்றுவிடுகிறது. சிந்து மன்னனுக்கு ஒரு முழுக்கதை சொல்ல இடங்கொடுத்த ஆசிரியர், தம் சொந்த சபையின் பேராயருக்கு ஒரு நியாயமும் பேச இடங்கொடுக்கவில்லை. ரோமர் 13-ஆம் அதிகாரம் இங்கே வாதத்தைத் தொடங்கவில்லை, முடித்துவைக்கிறது.

ஜார்ஜிய சபைக்கு அந்நாள் கிடைத்த தலைமைப் பதவி பெரும்பேறு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகர் அரசுரிமையையே நீக்கியபோது அந்நாட்டு மக்களைச் சேர்த்துப்பிடித்த கட்டமைப்பு அதுவே. அரசரோ அதற்கு முன்பே பாரசீகரோடு செய்த போரில் அம்பு தைத்து, உஜார்மா கோட்டையில் உயிர்நீத்தார். 502 என்று சிலரும், 522 என்று சிலரும் கணிப்பர். ஜார்ஜிய சபை அவரைப் புனிதராக நினைவுகூர்கிறது. 1992-இல் ஜார்ஜிய அரசு அவர் பெயரால் படைவீரர்க்குரிய விருதொன்றை ஏற்படுத்தியது. புனிதரா, போர்வீரரா என்னும் கேள்விக்கு இரு தரப்பாரும் ஒரே சரிதையைத்தான் காட்டுகின்றனர்.

திருச்சபை வரலாறு கற்பிப்போர் இச்சரிதையையும் ஷுஷானிக்கின் வரலாற்றையும் ஒரே வாரத்தில் மாணவர் கையில் கொடுப்பது நலம். ஷுஷானிக்கின் குரு தாம் அவளுக்காகச் செய்ய முடியாமற்போனதையும் மறைக்காமல் எழுதினார். வாக்தாங்கின் சரிதையிலோ உறங்காதோர் மடத்தின் வாயிலோடு மிகாயேலைப் பற்றிய பேச்சு முடிகிறது. அவர் அங்கே எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்று எழுத ஆசிரியருக்கு அவசியம் தோன்றவில்லை.