ஒடுக்கு எடுக்கும் கலை

அடிபட்ட அம்பாசடருக்கு வேறொரு காரின் மட்கார்டைத் தேடிப் பிடித்து மாட்டுவதைவிட, நசுங்கிய மட்கார்டையே தட்டி நிமிர்த்துவதுதான் உயர்ந்த வேலை. சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பில் பிறந்து, 2014 வரை உத்தர்பாராவில் உருவான அந்தக் காரின் அழகே அதன் வளைவுகளில்தான் இருக்கிறது. சமதளத்தை நிமிர்த்தினால் அளவுகோல் வைத்துச் சரிபார்க்கலாம். இரண்டு திசையிலும் வளையும் தகட்டுக்கு, ஒடுக்கு எடுக்கும் டிங்கரின் உள்ளங்கைதான் அளவுகோல்.

நல்ல டிங்கர் வந்ததும் சுத்தியலைத் தூக்குவதில்லை. அடி எந்தப் பக்கமிருந்து வந்தது, அதன் வேகம் எங்கே போய் அடங்கியது என்று தடவிப் பார்க்கிறார். கடைசியாக மடிந்த இடம் முதலில் பிரிய வேண்டும். ஒடுக்கின் நடுப்பள்ளம் பயமுறுத்தும். ஆனால் அங்கே தகடு பெரும்பாலும் தன் இயல்பை இழந்திருக்காது. அதைப் பிடித்துவைத்திருப்பது சுற்றியுள்ள மடிப்புகள். மடங்கிய இரும்பு இறுகிவிடும் என்பதால், அந்த மடிப்புகளை மெல்லத் தளர்த்தினால் பள்ளத்தில் பாதி தானாகவே எழுந்துவிடும். அவசரக்காரர் நடுவில் ஓங்கி அடிப்பார், தகடு நீண்டுவிடும். நீண்ட தகடு அமுக்கினால் 'டப்' என்று உள்ளே போய் வெளியே வரும். அதற்கும் வழி உண்டு. நாணயம் அகல இடத்தை மட்டும் கேஸ் நெருப்பில் சிவக்கவைத்து, பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்துத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றினால் தகடு சுருங்கி இறுகும். எவ்வளவு சிவந்தால் போதும் என்று நிறத்தைப் பார்த்தே முடிவுசெய்கிற அந்தச் சில நொடிகளில்தான் தேர்ச்சி தெரிகிறது.

எப்படியும் பட்டி பூசத்தானே போகிறோம், இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்கள். ராவிய கோடுகளை மூடும் மெல்லிய பூச்சு குற்றமில்லை. பள்ளத்தையே பட்டியால் நிரப்பினால், வண்டியின் அதிர்வில் அது வெடிக்கும். விரிசலில் தண்ணீர் இறங்கும். துரு உள்ளிருந்து தின்னும். காந்தம் ஒட்டாத மட்கார்டு எதைச் சொல்கிறது என்பது பழைய கார் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். இன்றைய கார்களில் பாகத்தையே மாற்றச் சொல்கிறார்களே என்ற கேள்வி இன்னும் வலுவானது. அது நியாயமும்கூட: உயர்வலு எஃகைச் சூடாக்கினால் அதன் பலமே போய்விடும், விபத்தில் ஆளைக் காப்பாற்றாது. பழைய காரிலும் துரு அரித்த இடத்தை வெட்டியெறிந்து புதுத் தகடு வைப்பதே நேர்மை. ஆனால் சாதாரண மென் எஃகில், வெறும் மேல்தகட்டில் விழுந்த ஒடுக்குக்கு அந்த விதியைப் பொருத்துவது சோம்பல்.

பெயிண்ட் அடித்த பிறகு இந்த வேலையில் ரசிக்க எதுவும் மிஞ்சாது என்பார்கள். வெளியே மிஞ்சாதுதான். சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்: தேர்ந்த கை தட்டிய தழும்புகள் சிறிதாக, ஒரே ஆழத்தில், வளைவோடு சேர்ந்தே நெருக்கமாகப் போகும்.